வலது பக்க சைனஸ்: இரண்டரை வருடம் யாரும் சொல்லாத விஷயம்

முதலில் நான் சந்தேகப்பட்டது நொய்யல் ஆற்றை. 2021 நவம்பர், நல்ல மழை. எங்கள் வீடு திருப்பூரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி. ராத்திரி படுத்ததும் சாக்கடையும் அழுகின முட்டையும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவேன். போகாது. ஃபிரிட்ஜில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன், பாத்ரூமில் பினாயில் ஊற்றினேன், பிள்ளையின் ஸ்கூல் ஷூவைக்கூட வெளியே எடுத்து வைத்தேன். வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில், "எனக்கு ஒண்ணும் வரலியே" என்று புரண்டு படுத்தார். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, கம்பெனிக்குப் போனாலும் அந்த வாடை கூடவே வருகிறது. என் மூக்குக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதுவும் வலது மூக்கில் மட்டும்.

இந்த 'வலது பக்கம் மட்டும்' என்பதை அதற்கப்புறம் நான் பார்த்த அத்தனை பேரிடமும் சொன்னேன். காதில் போட்டுக்கொண்டவர் ஒருவர்தான். அவரிடம் போய்ச் சேர 2024 மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் ஏழு கோர்ஸ் ஆன்டிபயாடிக், ஒரு ஆபரேஷன், ஒரு நகைக்கடன். நான் டாக்டர் இல்லை, பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னை மாதிரி ஒரே பக்கமாக மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது, டாக்டரிடம் என்ன கேட்பது என்றாவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆரம்பம் சாதாரணச் சளிதான். சளி போய்விட்டது, வலது கன்னத்தில் ஒரு பாரம் மட்டும் தங்கிவிட்டது. கீழே விழுந்த ஸ்டிக்கரை எடுக்கக் குனிந்தால் கண்ணுக்குக் கீழே யாரோ உள்ளிருந்து அழுத்துவது போல இருக்கும். காலையில் காறினால் பச்சையும் மஞ்சளுமாக வரும், வாயில் ஒரு துரு ருசி. எங்கள் தெரு முனை டாக்டர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். 625 என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெரிய ஆன்டிபயாடிக் மாத்திரை. இரண்டாம் நாளே வாடை குறைந்தது, பத்து நாள் நிம்மதி, மறுபடி அதே கதை. இந்தப் பத்து நாள் நிம்மதிதான் என்னை ஏமாற்றியது. மருந்து கேட்கிறது, இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன், டாக்டரும் நினைத்தார். இப்போது யோசித்தால், ஒவ்வொரு தடவை நிறுத்தினதும் திரும்ப வருகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று விடாமல் ஊறிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? மூன்றாவது கோர்ஸிலாவது நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஏழாவது கோர்ஸில் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் வந்ததுதான் மிச்சம்.

பயமும் சேர்ந்துகொண்டது. 2021 மே மாதம்தான் கருப்புப் பூஞ்சையைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் அறிவித்திருந்தார்கள். கன்ன வலி, ஒரு பக்க மூக்கடைப்பு என்று டிவியில் சொன்ன அடையாளமெல்லாம் எனக்குப் பொருந்தின மாதிரி இருந்தது. எல்லோரும் தூங்கின பிறகு கண்ணாடி முன்னால் நின்று, செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடித்து, மேலண்ணத்தில் கறுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். எனக்குச் சர்க்கரை இல்லை, கொரோனாவும் வந்ததில்லை, மாதக்கணக்கில் நடமாடிக்கொண்டும் இருந்தேன். அது அப்படி மெதுவாகப் போகிற நோயில்லை என்று ஒரு டாக்டர் விளக்கின பிறகுதான் டார்ச்சை நிறுத்தினேன்.

வீட்டில் வேறு வைத்தியம் நடந்தது. "தலையில நீர் கோத்துக்கிச்சு அம்மிணி, இது பீனிசம்" என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பீனிசம் என்றால் நாட்டு வைத்தியத்தில் சைனஸ். நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்று, விரலி மஞ்சளை விளக்கில் சுட்டுப் புகை, நொச்சி இலை போட்டு ஆவி. தலைக்குக் குளிப்பது வாரம் ஒரு நாள் என்று குறைந்தது. வலது பக்கம் என்பதால் மூக்குத்தி மேலும் பழி விழுந்தது, கழற்றி டப்பாவில் போட்டேன். இதையெல்லாம் கிண்டல் செய்ய மாட்டேன், ஆவி பிடித்தால் அரை மணி நேரம் மூக்கு விடும், அந்த அரை மணி நேரத்துக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் புகை இழுத்த அன்றெல்லாம் மூக்கு எரிந்து இன்னும் மோசமாக அடைத்தது. ஆவி பிடிக்கும்போது ஒரு நாள் போர்வை இழுபட்டுப் பாத்திரம் சாய்ந்து தொடையில் கொப்புளம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் மேல் கொட்டாதது தெய்வாதீனம். பிடிக்கிறவர்கள் பாத்திரத்தைத் தரையில் அகலமான தாம்பாளத்துக்குள் வையுங்கள், குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: பஞ்சு. கட்டிங் டேபிள் பக்கம் போனால் மயிர்க்கால் முழுக்கப் பஞ்சு ஒட்டும் ஊர் இது, மூக்கில் ஏறாமல் இருக்குமா? டாக்டர்களும் நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டதுமே தலையாட்டிவிடுவார்கள். நானும் கேட்டு வாங்கி பேக்கிங் பக்கம் மாறினேன், மாதம் கொஞ்சம் இன்சென்டிவ் போனது. பஞ்சு வலது மூக்கில் மட்டும் பார்த்து ஏறுமா என்று எனக்கே தோன்றவில்லை பாருங்கள். அலர்ஜி என்றால் பெரும்பாலும் இரண்டு மூக்கும் அடைக்கும், அரிக்கும், அடுக்குத் தும்மல் வரும், தண்ணீராக ஒழுகும். எனக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

நடுவில் நானே செய்துகொண்ட தப்பு ஒன்று உண்டு. மெடிக்கல் ஷாப்பில் மூக்கில் விடும் சொட்டு மருந்து ஒன்று கொடுத்தார்கள், சைலோமெட்டாசோலின். விட்ட இரண்டு நிமிடத்தில் மூக்கு திறந்துகொள்ளும், அமிர்தம். நான்கைந்து நாளுக்கு மேல் விடக்கூடாது என்று அட்டையில் பொடி எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. நான்கு மாதம் விட்டேன். கடைசியில் மருந்தின் வேகம் இறங்கினதும் இரண்டு மூக்கும் கல்லாக அடைத்துக்கொள்ளும், மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. மருந்தே நோயாகிவிட்டது. நிறுத்தின முதல் வாரம் உட்கார்ந்தபடிதான் தூங்கினேன். கைப்பையில் இந்தச் சொட்டு இல்லாமல் வெளியே கிளம்ப முடியவில்லை என்றால், உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சாதாரணச் சளி ஏழு, பத்து நாளில் தானே போய்விடும், அதற்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை, சளி பச்சையாக இருப்பது மட்டும் அதற்குக் காரணமாகாது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். மூக்கடைப்பு, சளி வடிதல், முக பாரம், வாசனை தெரியாமை, இதில் குறைந்தது இரண்டு சேர்ந்து 12 வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சைனஸ் அழற்சி என்கிறார்கள். அப்போதும் மூக்குக்குள் குழாய் கேமரா விட்டோ சி.டி. ஸ்கேனிலோ கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 12 வாரம் எனக்கு 2022 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. நான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனது செப்டம்பரில். அந்த ஏழு மாதம் முழுக்க என் தவறு, வேறு யாரையும் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் ஜூன் மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன், இதைச் சொல்லியே ஆக வேண்டும். வலது மேல் கடைவாயில் ஒரு மந்தமான உளைச்சல். 2018-இல் அந்தப் பல்லுக்கு ரூட் கேனால், அதாவது வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, செய்து கேப் போட்டிருந்தேன். அவர் தட்டிப் பார்த்தார், சின்ன எக்ஸ்ரே எடுத்தார். "பல்லு நல்லாத்தான் இருக்குங்க, உங்களுக்கு சைனஸ். சைனஸ் இருந்தா மேல் பல்லு வலிக்கும்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை, சைனஸ் அழற்சியில் மேல் பற்கள் வலிப்பது உண்மைதான். அதனால் நான் பல்லை மறந்தே போனேன். பின்னால் ஈ.என்.டி. டாக்டர், "பல்லில் ஏதாவது பிரச்சினை?" என்று ஃபாரம் நிரப்புகிற வேகத்தில் கேட்டபோது, "பார்த்தாச்சுங்க, பல் நல்லா இருக்குன்னுட்டாங்க" என்று நானே சான்றிதழ் கொடுத்தேன்.

அந்த ஈ.என்.டி. டாக்டர் எண்டோஸ்கோப்பி பார்த்தார், சி.டி. எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் இரண்டே விஷயம்: வலது கன்னத்துச் சைனஸ் முழுக்க அடைபட்டிருக்கிறது, மூக்குத் தண்டு, அதாவது இரண்டு மூக்குத் துளைக்கும் நடுவில் இருக்கும் சுவர், வளைந்திருக்கிறது. வளைந்த தண்டு நிறையப் பேருக்கு இருக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாமல். ஆனால் ரிப்போர்ட்டில் அச்சடித்து வந்ததும் அது பெரிய குற்றவாளி மாதிரித் தெரிந்தது. எண்டோஸ்கோப் மூலம் சைனஸ் வாசலை அகலப்படுத்தி, தண்டையும் நேராக்கிவிடலாம் என்றார். பேக்கேஜ் 92,000.

இங்கே இன்சூரன்ஸ் பற்றி. அப்போது என் சம்பளம் 23,500, இ.எஸ்.ஐ. வரம்பு 21,000, ஆகவே அது இல்லை. கொரோனாவுக்குப் பயந்து 2021 அக்டோபரில் தனியார் பாலிசி ஒன்று எடுத்திருந்தோம். அதைக் காட்டினால், சைனஸ், மூக்குத் தண்டு, டான்சில் இதற்கெல்லாம் இரண்டு வருடக் காத்திருப்பு என்று சொல்லிவிட்டார்கள். பாலிசி போட்டு 15 மாதம்தான் ஆகியிருந்தது. பல பாலிசிகளில் இந்த விதி இருக்கிறது, எடுக்கும்போது ஏஜென்ட் சொல்வதில்லை. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். எனக்கு ஒன்பது மாதம் காத்திருக்கலாமா என்று கேட்கவும் தோன்றவில்லை. வளையலும் ஒரு சங்கிலியும் அடகுக்குப் போயின.

2023 ஜனவரியில் ஆபரேஷன். அதைப் பற்றி ரொம்பப் பயமுறுத்த மாட்டேன், மயக்கத்தில் ஒன்றும் தெரியாது, ஒரு ராத்திரிதான் தங்கல். தாங்க முடியாதது, இரண்டு மூக்கிலும் அடைத்திருந்த பஞ்சுத் திணிப்பு. வாயாலேயே மூச்சு விட்டு நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. எடுக்கும்போது அது வந்துகொண்டே இருந்தது, மூளையையே உருவுகிறார்களோ என்று நினைத்தேன். தானாகக் கரையும் திணிப்பும் இப்போது இருக்கிறதாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மூன்று மாதம் சொர்க்கம். இரண்டு மூக்கிலும் மூச்சு ஓடியது. ஏப்ரலில் ஒரு நாள், இரவு பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது, அந்த வாடை. பால் திரிந்துவிட்டதென்று கீழே கொட்டினேன். பால் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த ஒரு வருடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். அலர்ஜி டெஸ்ட் எடுத்தார்கள், வீட்டுத் தூசியில் இருக்கும் பூச்சிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்தது. அது எத்தனையோ பேருக்கு வரும், ஆனால் அதோடு தேடலே நின்றுபோனது. அலர்ஜி மாத்திரை தினமும் ஒன்று. வீட்டில் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். ஏழு வயது மகள் ஒரு நாள் கட்டிப்பிடித்துவிட்டு, "அம்மா, வாய் நாறுது" என்றாள். குழந்தைக்கு என்ன தெரியும், உள்ளதைச் சொன்னாள். அன்றிலிருந்து கம்பெனியில் யாரிடம் பேசினாலும் அரை முகம் திருப்பித்தான் பேசினேன். கொரோனா முடிந்த பிறகும் மாஸ்க்கைக் கழற்றாத ஒரே ஆள் எங்கள் ஃப்ளோரில் நான்தான், பஞ்சுக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கச்சிதான் விடாப்பிடியாக அங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். "பழைய பேப்பர், சிடி எல்லாத்தையும் எடுத்துட்டு வாக்கா" என்றாள். ஸ்கேன் சென்டரில் படங்களைப் பதிந்து கொடுத்த அந்த சிடி வட்டு பீரோவில் புடவைக்கு அடியில் 17 மாதம் கிடந்தது. யாரும் கேட்டதில்லை, எல்லோரும் பெரிய ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைப் படிப்பதோடு சரி. இவர் வயதானவர், அதிகம் பேசவில்லை. முதல் கேள்வி, "எந்தப் பக்கம்?" வலது என்றேன். "இடது பக்கம் எப்பவாச்சும்?" ஒருநாளும் இல்லை. "வாடை உங்களுக்கு வருதா, மத்தவங்களுக்கும் வருதா?" மகள் சொன்னதைச் சொன்னேன். சிடியைப் போட்டார்.

திரையில் என் முகம் துண்டு துண்டாக நகர்ந்தது. நெற்றி, கண், மூக்கு, சாம்பல் நிறத்தில் அடைந்துகிடந்த வலது கன்னம். அவர் அங்கே நிற்கவில்லை, மவுஸை உருட்டிக்கொண்டே கீழே போனார். பல் வரிசை வந்தது. ரூட் கேனால் செய்த பல்லின் வேருக்குள் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. ஒரு வேரின் நுனியைச் சுற்றி மிளகு அளவுக்குக் கறுப்பு வட்டம். அதற்கு நேர் மேலே, சைனஸின் தரையாக இருக்க வேண்டிய மெல்லிய வெள்ளை எலும்புக் கோடு அறுந்திருந்தது. "இந்தப் பல்லுக்கு எப்பம்மா வேர் சிகிச்சை பண்ணுனீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. துணியில் குண்டூசி ஓட்டையைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிறவள் நான். என் முகத்தில் இருந்த ஓட்டை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேனிலேயே இருந்திருக்கிறது.

அவர் விளக்கினதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கன்னத்துச் சைனஸ் ஒரு வெற்று அறை. அதன் தரைக்கு அடியிலேயே மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன, சிலருக்கு வேர் நுனி அறைக்குள்ளேயே முட்டிக்கொண்டிருக்கும். அறையின் வாசலோ கீழே இல்லை, மேலே உயரத்தில் இருக்கிறது, ஆகவே உள்ளே சேர்ந்தது லேசில் வடியாது. வேர் நுனியில் சீழ் பிடித்தால் அது மேலே சைனஸுக்குள் வடிந்துவிடுகிறது. அழுத்தம் வெளியேறிவிடுவதால் பெரும்பாலும் பல் வலிப்பதில்லை, வலித்தாலும் மந்தமாகத்தான். அந்த நாற்றத்துக்குக் காரணம் காற்றில்லாத இடத்தில் வளரும் பல் கிருமிகள். சின்ன எக்ஸ்ரேயில் கன்ன எலும்பும் சைனஸும் வேரின் மேல் விழுந்து மறைத்துவிடும், அதனால் பல் டாக்டருக்குத் தெரியவில்லை. ஈ.என்.டி. டாக்டர் பல்லுக்கு மேலே வரைதான் பார்த்தார். நோய் இருந்தது சரியாக இருவருக்கும் நடுவில். ஆபரேஷனில் வாசலை அகலப்படுத்தினார்கள், அடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய் அப்படியே இருந்தது. "அந்த ஆபரேஷன் வீண்னு நினைக்காதீங்க, வாசல் பெருசா இருக்கறதால இனி சீக்கிரம் வடியும்" என்று அவர் சொன்னது அன்றைக்கு ஆறுதலாக இல்லை.

பல்லுக்கென்றே எடுக்கும் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொன்னார், 2,000 ரூபாய். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று என்றாலும் வேருக்குள் ஓடும் கால்வாய் பெரும்பாலும் நாலு இருக்குமாம். அந்த நாலாவது முடி மாதிரி மெல்லியது, அடிக்கடி விட்டுப்போவது. எனக்கும் விட்டுப்போயிருந்தது. மைக்ரோஸ்கோப் வைத்து மறுபடி ரூட் கேனால் செய்து பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள், கேப்பைக் கழற்றினால் வேரில் விரிசல். பிடுங்குவதுதான் வழி. இதைத் தெரு முனையில் சாதாரணமாகப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். வேர் வெளியே வந்ததும் வாய்க்கும் சைனஸுக்கும் நடுவில் வழி திறந்துகொள்ளலாம், குடிக்கிற தண்ணீர் மூக்கில் வரும். எனக்கு முக, தாடை அறுவை டாக்டர் பிடுங்கி, ஈறை இழுத்து மூடித் தையல் போட்டார். இரண்டு வாரம் மூக்குச் சீறக்கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். பஸ்ஸில் வாயைத் திறந்து ஒரு தும்மல் போட்டேன், பக்கத்து சீட் அம்மா எழுந்து முன்னால் போய்விட்டார்.

வாடை எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை. மே மாதம் ஒரு ராத்திரி படுத்து, வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துவிட்டு, இன்று ஏன் இன்னும் வரவில்லை என்று நினைத்ததுதான் ஞாபகம். அக்டோபரில் எடுத்த ஸ்கேனில் வலது சைனஸ் கறுப்பாக, காற்றோட்டமாக இருந்தது. கறுப்புதான் நல்லது என்று அதற்குள் எனக்கே தெரியும்.

அந்தக் கோயம்புத்தூர் டாக்டரிடம் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஒரு வருடமாக நான் மூக்கில் அடித்துக்கொண்டிருந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைக் கையில் கொடுத்து, "அடிச்சுக் காட்டுங்க" என்றார். தலையை அண்ணாந்து, நேராக மேலே அடித்து, சர்ரென்று உறிஞ்சினேன். அவ்வளவும் தொண்டைக்குப் போகிறது என்றார், நடுத் தண்டில் பட்டதால்தான் அடிக்கடி ரத்தக் கசிவும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, நுனி காதுப் பக்கம் பார்க்க, மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். இரண்டு நாளில் கேட்காது, வாரக்கணக்கில் விடாமல் அடித்தால்தான் பலன். மூக்குக் கழுவுவதிலும் திட்டு விழுந்தது. நான் குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டுக்கொண்டிருந்தேன். அதே வருடம் கேரளத்தில் குளத்தில் குளித்த பிள்ளைகள் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்த செய்தி வந்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது, அது மூக்கு வழியாக ஏறுவதுதான். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் கால் லிட்டர், அரை டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. உப்புப் போடாமல் வெறும் தண்ணீர் விட்டால் கண்ணில் நீர் வரும்படி எரியும். மெடிக்கலில் அளந்த பாக்கெட்டாகவும் விற்கிறார்கள். மூக்குக் கழுவும் பாட்டிலைத் தினமும் கழுவிக் காயவைக்க வேண்டும். அநேகம் பேருக்கு மாத்திரையை விட ஸ்ப்ரே, மூக்குக் கழுவுதல் இந்த இரண்டும்தான் நாள்பட்ட சைனஸுக்கு அடிப்படை வைத்தியம், முறையாகச் செய்தால்.

எல்லா சைனஸும் பல்லால் வருவதில்லை, என் கதையைப் படித்துவிட்டு யாரும் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். என் அண்ணனுக்கு இரண்டு மூக்கிலும் சதை வளர்ச்சி, கூடவே வீசிங், காபி வாசனைகூடத் தெரியாது. அவருக்கு ஸ்ப்ரேயும் ஆபரேஷனும்தான் சரியான வழி, நன்றாக இருக்கிறார். எங்கள் லைன் டெய்லர் ஒரு அக்கா பத்து வருடமாக சைனஸ் தலைவலி என்று மாத்திரை போட்டவர், ஸ்கேனில் சைனஸ் சுத்தம். மூக்கடைப்பும் இல்லை, சளியும் இல்லை, வெளிச்சம் பட்டால் வாந்தி. அது மைக்ரேன். ஆனால் ஒரே பக்கம் என்றால் மட்டும் விடாதீர்கள். பல் காரணமில்லாவிட்டால் பூஞ்சைக் கட்டியாக இருக்கலாம், அரிதாக வேறு கட்டியாகவும் இருக்கலாம், அதிலும் ரத்தம் கலந்து வந்தால் தள்ளிப்போடவே கூடாது. கண் வீங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், சர்க்கரைக்காரர்களுக்கு முகம் மரத்துப்போனால், அன்றே ஆஸ்பத்திரி.

நான் இப்போது யார் கேட்டாலும் சொல்வது: டாக்டரிடம் போகும்முன் ஒரு தாளில் எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, என்னென்ன ஆன்டிபயாடிக், எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு போங்கள். மேல் பற்களில் எதற்கு என்ன வைத்தியம் செய்தீர்கள் என்பதையும் சேர்த்து. சி.டி. எடுத்தால் மேல் பல் வேர் வரை வருகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், ஃபிலிமோடு விடாமல் சிடியையும் கேட்டு வாங்குங்கள். கடும் சளி நேரத்தில் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சைனஸ் அடைத்துத்தான் தெரியும், மருந்து முடித்த பிறகு எடுப்பதுதான் நல்லது. ஆபரேஷன் என்று சொன்னால், "ஒரு பக்கம் மட்டும் ஏன் வந்துச்சுங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியவில்லை என்றால் இன்னொருவரைப் பாருங்கள், ஒரு ஃபீஸ்தான் ஆகும்.

கணக்கையும் எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. தெரு டாக்டர், மருந்து 18,000. ஸ்கேன், டெஸ்ட், ஈ.என்.டி. ஃபீஸ் 16,000. ஆபரேஷனும் அதற்கு மருந்தும் 1,03,000. நகைக்கடன் வட்டி 11,000. சம்பளம் பிடித்த லீவு 22 நாள், ஏறக்குறைய 20,000. மொத்தம் 1,68,000. கடைசியில் வேலைக்கானது, கோயம்புத்தூர் ஃபீஸ், சிபிசிடி, கேப் கழற்றினது, பல் பிடுங்கித் தையல் போட்டது எல்லாம் சேர்த்து 12,000 சொச்சம். சங்கிலி திரும்பி வந்துவிட்டது, வளையல் இன்னும் வரவில்லை.

பல் போன இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இம்ப்ளான்ட் வைக்க 35,000 கேட்டார்கள், இடது பக்கமே மென்று பழகிவிட்டது. மூக்குத்தித் துளையும் இரண்டு வருடத்தில் தூர்ந்துபோயிருந்தது. போன தை மாதம் ஆசாரியிடம் போய் மறுபடி குத்திக்கொண்டேன், அதே வலது பக்கம். அத்தை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தலைக்குக் குளிக்காத கண்ணு" என்றார்.